கழுத்து எம்.ஆர்.ஐ. அறிக்கை எழுதும் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் ஸ்கேன் சென்டர்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் எம்.ஆர்.ஐ. படம் பார்த்து அறிக்கை எழுதும் ரேடியாலஜி டாக்டர்களுக்கு,

வணக்கம்.

நான் திருப்பூரில் பிசியோதெரபிஸ்ட். நீங்கள் எழுதும் ஒன்றரைப் பக்க அறிக்கையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு வருபவர்களோடுதான் என் பொழுது போகிறது. உங்களை அவர்கள் பார்த்ததே இல்லை. பெயர்கூடத் தெரியாது. ஆனால் தன் கழுத்தைப் பற்றி ஒருவர் இனிமேல் என்ன நம்பப்போகிறார் என்பதை, ஆர்த்தோ டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே, உங்கள் அறிக்கை முடிவு செய்துவிடுகிறது.

அதில் இரண்டு மாற்றம் வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். வயதோடு எல்லோருக்கும் வருவதை, இது வயதோடு வருவது என்று சொல்லி எழுதுங்கள். தண்டுவடம் அழுந்தியிருந்தால் அதை முதல் வரியில் எழுதுங்கள். இப்போது இரண்டும் ஒரே குரலில், ஒன்றன் கீழ் ஒன்றாக வருகின்றன. அதனால் பயப்படத் தேவையில்லாதவர் வேலையை விடுகிறார். அவசரமாகப் போக வேண்டியவர் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார்.

எங்கள் ஊரில் கழுத்துவலிக்குப் பஞ்சமில்லை. பவர்டேபிள் தையல் கூடத்தில் ஓவர்லாக், பேட்லாக் தையல் மிஷினுக்கு முன்னால் குனிந்தபடி ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிற டெய்லர்கள், மேஜைமேல் பீஸைப் பரப்பிக் கண் எடுக்காமல் பார்க்கிற செக்கிங் பெண்கள், இப்போது கூடவே போனும். வலி வந்தால் முதலில் மெடிக்கலில் மாத்திரை, பிறகு சுளுக்கு எடுப்பவர், பிறகு யாரோ சொல்லி ஒரு ஸ்கேன். டாக்டர் சீட்டு இல்லாமல் நேராக சென்டருக்குப் போய் எடுப்பவர்களும் உண்டு. அறிக்கை இப்படி வரும்: சி3-4 முதல் சி6-7 வரை (கழுத்தெலும்புகளின் வரிசை எண்கள்) டிஸ்க் டெசிகேஷன் (எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு வறண்டிருக்கிறது), சி4-5, சி5-6 டிஃப்யூஸ் டிஸ்க் பல்ஜ் (ஜவ்வு வெளியே புடைத்திருக்கிறது), தீக்கல் சேக்கை (தண்டுவடத்தைச் சுற்றிய உறையை) இன்டென்ட் செய்கிறது, அன்கோவெர்டிப்ரல் ஹைப்பர்ட்ரோபி (எலும்பு மூட்டின் ஓரம் தடித்திருக்கிறது), கழுத்தின் இயல்பான வளைவு குறைந்திருக்கிறது, கடைசியில், கிளினிக்கலாக ஒப்பிட்டுப் பார்க்கவும்.

ஒப்பிட்டுப் பார்ப்பது யார்? அறிக்கை முதலில் போவது மகனின் வாட்ஸ்அப்புக்கு. அவன் ஒவ்வொரு சொல்லாகக் கூகுளில் போட்டுப் பார்க்கிறான். மறுநாள் என் முன்னால் உட்கார்ந்து கேட்பார்கள்: “நாலு ஜவ்வு போயிருச்சுங்களாமா? இனி மிஷின்ல உக்காரவே கூடாதுங்களா?” முப்பத்திரண்டு வயது ஆள். கையில் பலம் குறையவில்லை, மரப்பு இல்லை, நடை சுத்தமாக இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து பின்னால் யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப மாட்டார், உடம்போடு சேர்த்துத் திரும்புவார். கழுத்துப் பட்டையான காலரைக் கழற்றாமல் தூங்குவார். மாதக் கணக்கில் அசைக்காத கழுத்தில் தசை இளைத்து, வலி கூடும். கூடினால் ஜவ்வு இன்னும் விலகிவிட்டது என்று இன்னொரு ஸ்கேன்.

அவருடைய படத்தில் இருந்தது உண்மையில் என்ன? உங்களுக்குத் தெரியாத ஆய்வு எதையும் நான் சொல்லப் போவதில்லை. தெரிந்தது ஏன் அறிக்கையில் ஏறுவதில்லை என்பதுதான் என் கேள்வி. ஜப்பானில் 20 வயதுக்காரர்கள் முதல் 70-களில் இருப்பவர்கள் வரை, கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது. இருபதுகளில் இருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தாலும் ஆண்களில் 73.3, பெண்களில் 78 சதவீதம். அதாவது அந்த வயதில் பல்ஜ் இல்லாத கழுத்துதான் சிறுபான்மை. அதே நாட்டில் இன்னொரு குழு, தொந்தரவில்லாதவர்களைப் பத்து ஆண்டு கழித்து மறுபடி ஸ்கேன் செய்தது. பத்தில் எட்டுப் பேருக்குப் படத்தில் மாற்றங்கள் கூடியிருந்தன. ஏதாவது அறிகுறி வந்தது மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான். படம் ஒரு வழியிலும் ஆள் இன்னொரு வழியிலும் போவதைக் காட்ட இதைவிட என்ன வேண்டும்?

மிஷின்தான் ஜவ்வைத் தின்றுவிட்டது என்று எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள். முதலாளிகளுக்கு வக்காலத்து வாங்க எனக்கு ஆசையில்லை. குனிந்தே இருந்தால் தசை இறுகி வலிக்கும், அதற்கு நாற்காலி உயரமும் இடைவேளையும் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் 1999-ல் வெளியான இரட்டையர் ஆய்வு ஒன்று, கழுத்து டிஸ்க்கில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் சுமார் 73 சதவீதத்தை மரபின் கணக்கில் வைத்தது. படத்தில் வறண்டு கறுப்பாகத் தெரியும் டிஸ்க்கை வைத்து வேலையை விடச் சொல்வது, அந்தக் குடும்பத்தின் வாரச் சம்பளத்தை நிறுத்துவதற்குப் போதுமான காரணம் ஆகாது.

இனி கோவைக்கு வருகிறேன். திருப்பூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். டிஸ்க் ஆராய்ச்சியில் உலகம் மேற்கோள் காட்டும் வேலைகளில் சில அங்கே, கங்கா மருத்துவமனையில், டாக்டர் எஸ். ராஜசேகரன் தலைமையில் நடந்தவை. டிஸ்க்குக்கு நேரடி இரத்த ஓட்டம் கிடையாது. மேலும் கீழும் உள்ள மெல்லிய தகடான எண்ட்பிளேட் வழியாகக் கசிந்து வரும் ஊட்டத்தில்தான் அது வாழ்கிறது. படத்தில் பளிச்சென்று தெரியும் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தி, அது எலும்பிலிருந்து எண்ட்பிளேட்டைத் தாண்டி டிஸ்க்குக்குள் எப்படிப் போகிறது என்று 24 மணி நேரம் வரை அடுத்தடுத்து எம்.ஆர்.ஐ. எடுத்துக் காட்டிய அவர்களுடைய ஆய்வு 2004-ல் இடுப்பு முதுகெலும்பு ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் பரிசைப் பெற்றது. 2013-ல் மறுபடி அதே பரிசு. அந்த முறை, டிஸ்க் பிதுங்கிய 181 பேரைப் பார்த்ததில் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கோளாறு தொடங்கிய இடம் டிஸ்க்கின் வெளிச்சுற்றான நார்வளையத்தின் நடுவே இல்லை, டிஸ்க் எண்ட்பிளேட்டோடு ஒட்டும் இடத்தில் இருந்தது என்று கண்டார்கள். அடிப்படை விஞ்ஞானத்தில் இவ்வளவு தூரம் போனவர்கள், 2021-ல் மிகச் சாதாரணமாகத் தெரியும் ஒரு கேள்வியைக் கையில் எடுத்தார்கள்: அறிக்கையை நோயாளிக்குப் படித்துச் சொல்வதாலேயே அவருக்குக் கெடுதல் வருமா?

நாள்பட்ட இடுப்புவலியோடு வந்த 44 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு எம்.ஆர்.ஐ.யில் இருந்ததையெல்லாம் உள்ளது உள்ளபடி விளக்கினார்கள். மறு பாதியிடம், படத்தில் இருப்பவை இயல்பான மாற்றங்கள்தான் என்று தைரியம் சொன்னார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, முழு விவரமும் கேட்டவர்களுக்கு வலி குறைந்தது குறைவு. தன்னால் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கையும் உடல் இயக்கமும் பின்தங்கியிருந்தன. அடுத்த கட்டத்தில் பயமுறுத்தும் சொற்களைத் தவிர்த்து அறிக்கை எழுதும் முறை ஒன்றை உருவாக்கினார்கள். ஒரே படத்துக்குப் பழைய முறையில் ஒன்றும் புதிய முறையில் ஒன்றுமாக இரண்டு அறிக்கை எழுதி, எது எது என்று தெரியாமல் மருத்துவத் துறையினரிடம் கொடுத்தார்கள். பழைய முறை அறிக்கையைப் படித்தவர்கள் நோயைக் கடுமையாகவும் ஆபரேஷன் தேவைப்படும் வாய்ப்பை அதிகமாகவும் மதிப்பிட்டார்கள். என்னை உலுக்கியது இந்தக் கடைசிப் பகுதிதான். பயப்படுவது நோயாளி மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அறிக்கையைப் படிக்கிற டாக்டரும் பிசியோவும் அதே வரிகளால் தள்ளப்படுகிறோம்.

இது இடுப்பைப் பற்றிய ஆய்வு, சிறியது, ஒரே மருத்துவமனையில் நடந்தது. கழுத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அமெரிக்காவில் வேறொரு வழியில் முயன்றார்கள்: இடுப்பு ஸ்கேன் அறிக்கையின் அடியில், இந்த வயதில் தொந்தரவே இல்லாதவர்களில் இத்தனை சதவீதம் பேருக்கு இதே மாற்றம் இருக்கும் என்று ஒரு பத்தி சேர்ப்பது. 98 கிளினிக்குகளில் சுமார் இரண்டரை லட்சம் பேரிடம் சோதித்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. முதுகெலும்புக்காகச் செய்யப்படும் மேற்கொண்டு பரிசோதனைகளும் சிகிச்சைகளும் குறையவில்லை. ஓபியாய்டு என்ற அபின் வகை வலிமாத்திரை எழுதுவது மட்டும் கொஞ்சம் குறைந்தது. ஆக, மேலே பத்து வரி பயமுறுத்திவிட்டு அடியில் பொடி எழுத்தில் ஆறுதல் சொன்னால் வேலைக்கு ஆகாது. மேலே இருக்கும் பத்து வரிதான் மாற வேண்டும் என்று நான் புரிந்துகொள்கிறேன். நீங்கள் வேறு மாதிரி புரிந்துகொண்டால் எழுதுங்கள், கேட்கிறேன்.

பத்து வரி என்றதும் இன்னொன்று. இடுப்புவலியும் காலுக்கு இறங்கும் வலியும் கொண்ட 63 வயது அமெரிக்கப் பெண் ஒருவரை மூன்று வாரத்துக்குள் பத்து வெவ்வேறு சென்டர்களில் ஸ்கேன் எடுக்க வைத்தார்கள். பத்து அறிக்கையிலும் சேர்த்து 49 கண்டுபிடிப்புகள். பத்திலும் பொதுவாக இருந்தது ஒன்றுகூட இல்லை. இதை உங்களைக் குறை சொல்லக் காட்டவில்லை. கல்லில் செதுக்கிய தீர்ப்பாக அறிக்கையை எடுத்துக்கொள்கிற எங்கள் பக்கத்து ஆட்களுக்காகச் சொல்கிறேன்.

இதுவரை சொன்னது பயம் வேண்டாத பக்கம். நான் இந்த மடலை எழுத உட்கார்ந்தது மறுபக்கத்துக்காக.

செக்கிங் வேலை செய்யும் ஓர் அம்மா, ஐம்பதைத் தாண்டியவர், இரண்டு கை விரலும் மரத்துப்போகிறது என்று என்னிடம் அனுப்பப்பட்டார். மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்று சீட்டில் இருந்தது. ரவிக்கைக் கொக்கி போட மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்றார். நடக்கும்போது எப்படி என்று கேட்டேன். ஒன்றுமில்லை, செருப்புதான் அடிக்கடி கழன்றுவிடுகிறது, கழன்றதே தெரியாமல் நாலு எட்டு போய்விடுகிறேன் என்றார் சிரித்தபடி. காலையில் முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. எல்லாம் வயசுக்கோளாறு என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். கழுத்து எம்.ஆர்.ஐ. முன்பே எடுத்திருந்தார்! எடுத்துக் காட்டினார். முடிவுரையில் ஏழு வரிகள். முதல் வரி வளைவு குறைந்தது பற்றி. இரண்டும் மூன்றும் டெசிகேஷன், பல்ஜ். ஐந்தாவது வரியில் இருந்தது, சி5-6-ல் தண்டுவடம் அழுந்தி டி2 என்ற வகைப் படத்தில் சிக்னல் மாறியிருக்கிறது, அதாவது தண்டுவடமே பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பது. அந்த ஐந்தாவது வரி யார் கண்ணிலும் படவில்லை. அவர் கழுத்தைத் தேய்த்துவிட்டு, கழுத்தை இழுத்துப் பிடிக்கும் டிராக்‌ஷன் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தொடவில்லை. நியூரோசர்ஜனுக்கு அனுப்பினேன். ஆபரேஷன் நடந்தது. நடை ஓரளவு திரும்பியது. விரல் நுனி மரப்பு போகவில்லை.

டிஸ்க்கும் எலும்பு முனைகளும் தடித்த தசைநாரும் சேர்ந்து தண்டுவடத்தை நெரிக்கும் இந்த நோய்க்குத்தான் டீஜெனரேடிவ் சர்விக்கல் மைலோபதி என்று 2015 வாக்கில் ஒரே பெயர் வைத்தார்கள். அதற்கு முன் ஸ்பாண்டிலோசிஸ், பின்பக்கத் தசைநார் எலும்பாவது என்று தனித்தனியாகச் சிதறிக் கிடந்தது. இதில் பெரும்பாலும் கழுத்துவலி பெரிதாக இருப்பதில்லை. அதனால்தான் தப்பிவிடுகிறது. இஸ்ரேலில் 42 பேரின் கதையைப் பின்னோக்கிப் பார்த்து 2013-ல் எழுதினார்கள்: முதல் அறிகுறியிலிருந்து நோயைக் கண்டுபிடிக்கச் சராசரியாக 2.2 ஆண்டு ஆகியிருந்தது. பத்தில் நான்கு பேருக்கு மேல் முதலில் மணிக்கட்டு நரம்புக் கோளாறு என்றே முத்திரை குத்தப்பட்டிருந்தார்கள். நான் பார்த்த அம்மா மாதிரியே.

தாமதம் ஏன் பொறுக்க முடியாதது என்றால், கெட்டுப்போன தண்டுவடத்தைத் திரும்பக் கட்டித்தர மருந்து இல்லை. ரிலுசோல் என்ற மாத்திரையை ஆபரேஷனோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள், அமெரிக்காவிலும் கனடாவிலும் 300 பேரிடம். 2021-ல் வந்த முடிவு: ஆறு மாதத்தில் கை கால் இயக்கத்தின் மதிப்பெண்ணில் கூடுதல் பலன் இல்லை. அழுத்தத்தை எடுத்துவிடுவது ஒன்றுதான் இன்று கையில் இருக்கும் ஆயுதம். அதை எந்தப் பக்கத்திலிருந்து எடுப்பது என்பதற்கும் 163 பேரை வைத்து ஒரு குலுக்கல் ஆய்வு நடந்து 2021-ல் வந்தது. முன்கழுத்து வழியாகவோ பின்கழுத்து வழியாகவோ, ஓர் ஆண்டு கழித்து உடல்நலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சிக்கல்கள்தான் முன்வழியில் 48 சதவீதம், பின்வழியில் 24 சதவீதம். விழுங்கக் கஷ்டப்படுவது அந்த 48-ல் பெரும்பங்கு என்பதால் எண்ணை மட்டும் பார்த்து மிரள வேண்டியதில்லை. 2017-ல் வந்த பன்னாட்டு வழிகாட்டுதல் தெளிவாகவே இருக்கிறது: கை கால் இயக்கம் முதலானவற்றுக்கு 18-க்கு மதிப்பெண் போடும் அளவுகோலில் (கூடினால் நல்லது) 14-ம் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு, அதாவது நடுத்தரம், கடுமை இரண்டுக்கும், ஆபரேஷனே பரிந்துரை. 15 முதல் 17 வரை உள்ளவர்களுக்கு ஆபரேஷனும் உண்டு, மேற்பார்வையோடு பயிற்சி செய்து பார்ப்பதும் உண்டு, மோசமானால் கத்திதான். இந்த நோய் உள்ளவர்களும் டாக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து, ஆராய்ச்சியில் முதலில் எதைக் கவனிக்க வேண்டும் என்று பட்டியல் போட்டபோது புது மருந்தை முதலில் வைக்கவில்லை. நோயைப் பற்றிய விழிப்புணர்வைத்தான் வைத்தார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. தண்டுவடம் தொடப்பட்டிருக்கிறது என்பதாலேயே எல்லோரையும் ஆபரேஷனுக்கு ஓட்டவும் முடியாது. மேலே சொன்ன ஜப்பானிய ஆய்வில் தொந்தரவே இல்லாதவர்களிலும் 5.3 சதவீதம் பேருக்குத் தண்டுவடம் அழுந்தியிருந்தது. செக் நாட்டில் அப்படி மைலோபதி அறிகுறி இல்லாமல் படத்தில் மட்டும் அழுத்தம் இருந்த 199 பேரைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். 45 பேருக்கு நோய் வெளிப்பட்டது. கைக்கு இறங்கும் நரம்புவலி இருந்தவர்களுக்கும், நரம்பு மின்பரிசோதனையில் மாற்றம் இருந்தவர்களுக்கும் அது சீக்கிரம் வந்தது. எனவே அழுத்தம் இருக்கிறது என்று எழுதுவதோடு, யாராவது இவரைக் கைவைத்துப் பரிசோதிக்க வேண்டும், மறுபடி மறுபடி பார்க்க வேண்டும் என்பதும் அறிக்கையைப் படிப்பவருக்குப் புரிய வேண்டும்.

கைக்கு இறங்கும் வலி என்றால் அதையும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் 1976 முதல் 1990 வரை கழுத்து நரம்புவேர் (தண்டுவடத்திலிருந்து நரம்பு கிளம்பும் இடம்) கோளாறு வந்த 561 பேரை ஆராய்ந்தவர் டாக்டர் கே. ராதாகிருஷ்ணன், பிற்பாடு திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். கடைசியாகப் பார்த்தபோது அவர்களில் 90 சதவீதம் பேர் வலியே இல்லாமலோ லேசான தொந்தரவோடோ இருந்தார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் நான்கில் ஒருவர்தான். நெதர்லாந்தில் புதிதாக வலி வந்த 205 பேரில், சில வாரம் காலர் போட்டு ஓய்வெடுத்தவர்களுக்கும் பிசியோவுக்கு வந்தவர்களுக்கும் ஆறு வாரத்தில் கைவலி வேகமாகக் குறைந்தது. ஆறு மாதத்தில் ஒன்றும் செய்யாமல் காத்திருந்தவர்களும் அவர்களைப் பிடித்துவிட்டார்கள். என் தொழிலுக்கு இது அவ்வளவு பெருமையான செய்தி இல்லைதான். ஆனாலும் காலருக்கு வாரக் கணக்கு உண்டு, வருடக் கணக்கு கிடையாது என்பதை எங்கள் ஊரில் எத்தனை பேரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது!

உங்கள் பக்கத்துக் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. உங்களுக்கு வரும் சீட்டில் கழுத்து எம்.ஆர்.ஐ. என்ற இரண்டு சொல்லைத் தவிர ஒன்றும் இருப்பதில்லை. வலி எந்தக் கையில், எத்தனை நாளாக, நடையில் தடுமாற்றம் உண்டா, ஒன்றும் தெரியாமல் இருட்டறையில் படத்தோடு மல்லுக்கட்டுகிறீர்கள். இரவு பதினொரு மணிக்கு வேறு ஊரிலிருந்து ஆன்லைனில் வந்து விழும் படங்களும் உங்கள் தலையில்தான். மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து, எழுதாமல் விட்டால் கேஸ், எழுதிவிட்டால் தப்பித்தோம் என்ற கணக்கு எல்லாத் துறையிலும் நுழைந்துவிட்டது. பார்த்ததையெல்லாம் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. விவரப் பகுதியில் பத்து பக்கம் எழுதினாலும் சரி. முடிவுரையில் எதை மேலே வைப்பது என்பதுதான் என் வழக்கு. இன்னும் சொல்லப்போனால், முக்கியமானதை ஐந்தாவது வரியில் புதைத்தால் அதுவே கேஸாகும் காலம் வந்தாலும் ஆச்சரியமில்லை.

இடுப்பு ஸ்கேனோடு சேர்த்து மொத்த முதுகெலும்பையும் ஒரு ஓட்டம் பார்த்துவிடும் வழக்கம் பற்றியும் கேட்க வேண்டும். ஹோல் ஸ்பைன் ஸ்கிரீனிங் என்று பில்லில்கூட வரும். இடுப்புவலிக்குப் போனவர் கழுத்து ஜவ்வும் போச்சு என்று அழுதுகொண்டு திரும்புவது இதனால்தான். நிறுத்திவிடுங்கள் என்று சொல்லவும் மனம் வரவில்லை. கால் தடுமாறுகிறது என்று இடுப்பைப் படம் எடுத்தவருக்குக் கழுத்தில் தண்டுவடம் நசுங்கியிருப்பது அந்த ஒரு ஓட்டத்தில் பிடிபட்டதை நானே பார்த்திருக்கிறேன். அங்கே கழுத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுதினால் போதும்: தண்டுவடத்துக்கு இடம் இருக்கிறதா, இல்லையா? லெவல் லெவலாக பல்ஜ் கணக்கு வேண்டாம்.

நான் கேட்பது இப்படி ஓர் அறிக்கை. முடிவுரையின் முதல் வரி எப்போதும் தண்டுவடம் பற்றி. அழுத்தம் இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். அந்த ஒரு வரி எத்தனை வீட்டில் தூக்கம் கொடுக்கும் தெரியுமா? தொடுகிறது, அழுத்துகிறது, சிக்னல் மாறியிருக்கிறது என்றால் எந்த லெவல் என்பதோடு முதலில். அடுத்த வரி, நரம்பு வேர் எதுவாவது நெரிபடுகிறதா, எந்தப் பக்கம். மற்ற டிஸ்க் மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு வரி, இந்த வயதில் தொந்தரவு இல்லாதவர்களிடமும் பரவலாகக் காணப்படுபவை என்ற சொற்களோடு. தண்டுவடம் அழுந்தி சிக்னலும் மாறியிருந்தால் ஒரு போன். மூளையில் இரத்தக்கசிவு தெரிந்தால் அனுப்பிய டாக்டரை நீங்களே கூப்பிடுகிறீர்கள் அல்லவா, அதே பழக்கத்தை இதற்கும் நீட்டுங்கள். சீட்டே இல்லாமல் வந்தவர் என்றால் அவருடைய வீட்டாரையே கூப்பிட்டு, நியூரோசர்ஜனையோ முதுகெலும்பு சர்ஜனையோ இந்த வாரமே பாருங்கள் என்று சொல்ல ரிசப்ஷனில் ஒருவர் போதும்.

தமிழில் நாலு வரி கூடக் கேட்கிறேன், அறிக்கையின் முதல் பக்கத்தில். சாதாரணப் படத்துக்கு: “உங்கள் கழுத்தில் தண்டுவடமோ நரம்போ அழுந்தவில்லை. டிஸ்க்கில் தெரியும் மாற்றங்கள் உங்கள் வயதில் பலருக்கும் இருப்பவை. கழுத்தை அசைக்கலாம், வேலை செய்யலாம். கையில் பலம் குறைந்தாலோ, நடை தடுமாறினாலோ, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தாலோ தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.” வேலை செய்யலாம் என்று சொல்வது ரேடியாலஜிஸ்ட்டின் வேலையா என்று கேட்பீர்கள். அந்த வரியைப் பற்றி விவாதிக்கலாம். எடுத்துவிட்டாலும் மீதி நிற்கும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் நடத்தும் ஸ்கேன் மையங்களில் ஒரு படிவம் மாறினால் மாவட்டம்தோறும் மாறிவிடும் என்பதால், இந்த மடலின் ஒரு நகலை அவர்களுக்கும் அனுப்புகிறேன்.

எங்கள் பக்கமும் சும்மா இருக்கக் கூடாது. கழுத்து ஸ்கேனுக்கு ஒருவரை அனுப்பும்போதே, அனுப்புகிற டாக்டரோ, பார்த்துக்கொண்டிருக்கிற பிசியோவோ சீட்டில் எழுத வேண்டியவை அதிகமில்லை. வலி கைக்கு இறங்குகிறதா, எந்த விரல் வரை. பட்டன், கொக்கி, நாணயம் பொறுக்குவது சிரமமா. செருப்பு தெரியாமல் கழல்கிறதா. ஒரு கால் முன்னால் ஒரு கால் வைத்து நேர்கோட்டில் நடக்க முடிகிறதா. நடுவிரல் நுனியைச் சுண்டினால் கட்டைவிரல் தானாக மடங்கும் ஹாஃப்மன் குறி இருக்கிறதா. பத்து நொடியில் கையை எத்தனை முறை மூடித் திறக்கிறார். ஜப்பானிய டாக்டர்கள் 1987-லேயே சொன்னபடி இருபதுக்குக் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும். எல்லாம் சேர்ந்து சில நிமிட வேலை, ஒரு செலவும் இல்லை.

இந்தக் கேள்விகளைத் தமிழில் ஒரு பக்கப் படிவமாக அடித்து வைத்திருக்கிறேன். திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கத்தில் எந்த ஸ்கேன் சென்டராவது, எந்த ரேடியாலஜிஸ்டாவது ஒரு ஆறு மாதம் சோதித்துப் பார்க்கலாம் என்றால், அச்சுச் செலவு என்னுடையது. படிவத்தோடு வந்தவர்களின் அறிக்கையில் முதல் வரி எப்படி இருந்தது, வராதவர்களுடையது எப்படி இருந்தது என்று உட்கார்ந்து ஒப்பிடலாம். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
பிசியோதெரபிஸ்ட் ஒருவர்,
திருப்பூர்